மாதாவை வைத்தவள்

மாதா சிலையை அங்கே வைத்தது நான்தான். இதை முதல் வரியிலேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்தவள் இப்போதாவது சுற்றி வளைக்காமல் பேசட்டும்.

என் பெயர் பவானி. ஹேடோவில், துறைமுகத்துக்குப் பின்பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் ஹெட் கிளார்க். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். மெயின்லேண்டிலிருந்து வரும் கப்பல்களில் சரக்கு இறக்கும் ஆட்களின் வருகைப் பதிவு, லீவு, யூனிஃபார்ம், சண்டை, சமாதானம் எல்லாம் எங்கள் தலையில்தான். என் கொள்ளுத்தாத்தா கைதியாக இந்தத் தீவுக்கு வந்தவர். என்ன குற்றம் என்று வீட்டில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, ஃபைலில் இங்கிலீஷ் என்று வளர்ந்தவள் நான். ஊரின் பெயரையே இப்போது மாற்றிவிட்டார்கள். என் வாயில் இன்னும் போர்ட் பிளேர்தான் வருகிறது.

ஆரோக்கியசெல்வி எங்கள் ஆபீசில் பெருக்கித் துடைக்கிறவள். தினக்கூலி மஸ்தூர். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. புருஷன் பிரகாசத்தோடு கல்யாணமான புதிதில் கப்பலேறி வந்தாள். பிரகாசம் மீன்பிடிப் படகில் போய்க்கொண்டிருந்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஒரே மகள் ஜாக்குலின் காலேஜில் படிக்கிறாள். மூன்று பேரும் செல்வியின் துடைப்பத்தை நம்பித்தான் இருந்தார்கள்.

இருபத்தோரு வருஷம் தினக்கூலி. வேலைக்கு வந்தால் கூலி, காய்ச்சல் வந்தால் ஒன்றுமில்லை. எங்கள் தீவில் இப்படி இருக்கிறவர்களுக்கு ஒரே கனவு ‘பர்மனென்ட்’ ஆவது. ஆகிவிட்டால் பென்ஷன் உண்டு, ஆஸ்பத்திரி உண்டு, சின்னதாக ஒரு குவார்ட்டர்ஸ் உண்டு. பிரகாசத்தை மருத்துவத்துக்குச் சென்னைக்கு அனுப்பலாம். போன வருஷம்தான் செல்வியின் பெயர் பட்டியலில் வந்தது. ஏழு பேரில் நாலாவது பெயர். அடுத்த வருஷம் என்றால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும். அதனால் அந்த ஒரு வருஷம்தான் அவளுக்கு எல்லாம்.

இனி சிலை வந்த கதை.

சுனாமி வந்தபோது என் வீட்டுக்காரர் குமரன் கார் நிக்கோபார் தீவில் இருந்தார். கிரேன் ஆபரேட்டர். கப்பல் அணையும் துறை கட்டும் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. ஆபீசில் எல்லோரும் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்த்தார்கள். என்ன பேசுவது என்று அவர்களுக்கும் தெரியவில்லை. செல்வி மட்டும் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவள்.

“அக்கா, வேளாங்கண்ணி மாதாவுக்கு நேந்துக்கிடுங்க. கடல்ல போனவங்கள அவ பாத்துக்கிடுவா” என்றாள்.

நேர்ந்துகொண்டேன். பத்தாம் நாள் குமரன் கப்பலில் வந்து இறங்கினார். காலில் செருப்பில்லை, யாரோ கொடுத்த தொளதொளச் சட்டை. அவரைப் பார்த்ததும் கப்பல் துறையிலேயே உட்கார்ந்து அழுதேன்.

அடுத்த லீவில் கப்பலில் சென்னைக்குப் போய், பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போய், மெழுகுவத்தி ஏற்றினேன். ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மாதா சிலையும் வாங்கி வந்தேன். நம்மவர்களில் இந்துக்களும் மாதாவுக்கு நேர்ந்துகொள்வது ஒன்றும் புதிதல்ல. கொண்டு வந்த பிறகுதான் சிக்கல். மாமியார் வாசலிலேயே மறித்துவிட்டார். முருகன் இருக்கிற வீட்டில் இன்னொரு சாமி கூடாதாம். நேர்ந்துகொண்டபோது அவரும்தான் கையெடுத்துக் கும்பிட்டார், பிள்ளை வந்ததும் மறந்துவிட்டது. சிலையைத் துண்டில் சுற்றி மறுநாள் ஆபீசுக்கே எடுத்துக்கொண்டு போனேன். லேபர் ரெஸ்ட் ஹாலில், முன்பு தீயணைப்பு மணல் வாளி வைத்திருந்த மாடம் ஒன்று காலியாகக் கிடந்தது. அதில் வைத்தேன். செல்வி மாடத்தைத் துடைத்துக் கொடுத்தாள். அவள் செய்தது அவ்வளவுதான்.

பிறகு அது வளர்ந்தது. கிரேன் ஆட்கள் மாடத்துக்கு டைல்ஸ் ஒட்டினார்கள். எலெக்ட்ரீஷியன் நீல பல்பு ஒன்று போட்டான். சனிக்கிழமைகளில் யாராவது மெழுகுவத்தி ஏற்றுவார்கள். மாதா பிறந்த நாளான செப்டம்பர் எட்டாம் தேதி கொண்டைக்கடலை சுண்டல். வங்காளி, தெலுங்கு, மலையாளி, ராஞ்சி ஆள் என்று எல்லோரும் கப்பலின் அடித்தளத்துக்குள் இறங்கும் முன் மாடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். ஒரு ஆளும் எதிர்த்துப் பேசியதில்லை. இருபது வருஷம் இப்படியே போயிற்று.

போன ஜூலையில் மெயின்லேண்டிலிருந்து புது அதிகாரி வந்தார். இராமகிருஷ்ணன். நாற்பது வயதுக்குள் இருக்கும், நெற்றியில் ஒன்றும் கிடையாது, எதிரில் நிற்பவர்களை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அவர் வந்து பத்து நாளில் ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. ‘அரசாங்கக் கட்டடத்தை சர்ச்சாக மாற்றியிருக்கிறார்கள், யார் அனுமதித்தது’ என்று. நகல் மேலிடத்துக்கும் போயிருந்தது. மேலிடம் விளக்கம் கேட்டது.

இராமகிருஷ்ணன் என்னைக் கூப்பிட்டார்.

“மேடம், லெட்டர் எழுதினவன் நோக்கம் என்னன்னு எனக்குத் தெரியும். ஆனா கேட்ட கேள்வி சரிதானே. இது சர்க்கார் கட்டடம். இங்க மாதாவும் கூடாது, மத்த சாமியும் கூடாது. எடுத்தா எல்லாத்தையும் எடுக்கணும். என் ரூம்லேருந்தே ஆரம்பிக்கிறேன்.”

சொன்னபடியே மேஜை மேலிருந்த சின்னப் பிள்ளையாரை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அவருடைய அம்மா கொடுத்ததாம்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆளைப் பிடித்துப்போயிற்று. முப்பத்தாறு வருஷ சர்வீசில் தன் சாமியை முதலில் எடுத்த அதிகாரியை நான் பார்த்ததில்லை. அவர் சொன்னதும் நியாயம்தான். லீவு லெட்டர் கொடுக்க வருகிறவன் யாரோ ஒருவருடைய சாமிக்கு முன்னால் எதற்கு நிற்க வேண்டும்? சாமியே வேண்டாம் என்கிறவனுக்கும் அந்தக் கட்டடம் சொந்தம்தானே? அந்த நிமிஷமே ‘சார், மாதாவை வெச்சது நான்தான்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ரிடையர் ஆக எனக்குப் பதினாலு மாதம் இருந்தது. கடைசி வருஷத்தில் சார்ஜ் ஷீட் வாங்கினவர்களின் பென்ஷன் எத்தனை வருஷம் இழுக்கும் என்று இந்த ஆபீசில் என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அந்த ஃபைல்களைக் கட்டி வைத்ததே நான்தான். “சரி சார்” என்றேன்.

மறுநாள் காலை அவர் ஒவ்வொரு அறையாகப் போனார். நான் நோட்டும் கையுமாகப் பின்னால் போனேன். கேஷ் ரூமில் லட்சுமி. ஒர்க்‌ஷாப்பில் விஸ்வகர்மா. டெலிபோன் அறையில் குருவாயூரப்பன். ஸ்டோரில் காளி. ‘யார் மாட்டினது’ என்று ஒவ்வொரு இடத்திலும் கேட்டார். எல்லோருக்கும் ஒரே பதில், முன்னாடியே இருந்தது. ஸ்டோர்கீப்பர் பிஸ்வாஸ் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், “யே தோ மேரே ஆனே சே பெஹ்லே கா ஹை, சார்” என்றார். தான் வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்த படமாம். அதற்கு முந்தின தீபாவளிக்கு அவர் வாங்கி வந்து ஆணி அடித்தபோது ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவள் நான். படங்களைக் கழற்றி ஒரு பெட்டியில் போட்டார்கள். யாருடைய பெயரையும் நான் நோட்டில் எழுதவில்லை, எழுதுவதற்கு ஒரு பெயரும் கிடைக்கவில்லை.

கடைசியாக ரெஸ்ட் ஹால். மாடத்துக்கு முன்னால் அவர் நின்றார். டைல்ஸைத் தடவிப் பார்த்தார். ஒயர் எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்தார்.

“மத்ததெல்லாம் ஆணியில மாட்டினது. இது சிமென்ட் வெச்சுக் கட்டினது. கரன்ட் சர்க்காரோடது. முன்னாடியே இருந்துச்சுன்னு சொன்னா மேல ஒத்துக்க மாட்டாங்க. யார் வெச்சது?”

ஹாலில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேருக்கு விஷயம் தெரியும். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தரையையும் ஜன்னலையும் பார்த்தார்கள். அப்புறம் இரண்டு மூன்று பேரின் கண் தானாகச் செல்வி பக்கம் போனது. அவள் அங்கேதான் ஈரத் துணியோடு நின்றிருந்தாள். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மாதா, மெழுகுவத்தி, ஆரோக்கியசெல்வி. சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். அதிகாரிக்கும் தோன்றியது.

“நீங்களாம்மா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

அறைக்குத் திரும்பியதும் என்னிடம் சொன்னார். “பாவம், தினக்கூலி அம்மா. நான் ஒண்ணும் பெருசு பண்ணப் போறதில்ல. மேல ஒரு பேர் கேக்கிறாங்க. வருத்தம் தெரிவிச்சு ஒரு லெட்டர் வாங்கிடுங்க. ஃபைலை மூடிடலாம்.”

எங்கள் தீவில் இதற்கு மாஃபிநாமா என்று பெயர். மன்னிப்புக் கடிதம். குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தாலும் மாஃபிநாமா, ஃபோர்மேனை அடித்தாலும் மாஃபிநாமா, லாங் ஐலண்டுக்குக் கல்யாணத்துக்குப் போனவன் படகு கிடைக்காமல் நாலு நாள் கழித்து வந்தாலும் மாஃபிநாமா. எழுதிக் கையெழுத்துப் போட்டால் விவகாரம் முடிந்தது, மறுத்தால் விசாரணை. இந்த ஆபீசில் எழுதப்பட்டவற்றில் முக்கால்வாசி என் கையெழுத்தில்தான் இருக்கும். என் இந்திக்கு அவ்வளவு பேர். ‘பவானி தீதீ எழுதினா ஆபீசர் கண்ணுல தண்ணி வந்துரும்’ என்பார்கள். தீதீ என்றால் இந்தியில் அக்கா. எனக்கும் அதில் ஒரு பெருமை இருந்தது. கொழுப்பு என்றே சொல்லலாம்.

அதனால் நான் போட்ட கணக்கு இதுதான். உண்மையைச் சொன்னால் நான் பர்மனென்ட் ஆள், எனக்குச் சார்ஜ் ஷீட். செல்வி தினக்கூலி. தினக்கூலி ஆளுக்கு அரசு ஊழியர் நடத்தை விதியே பொருந்தாது, சார்ஜ் ஷீட்டே கொடுக்க முடியாது. ஆகவே அவள் பெயரில் மாஃபிநாமா போனால் ஒருவருக்கும் ஒரு சேதமும் இல்லை. ரூல் புத்தகத்தை இரண்டு தடவை புரட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். என்ன ஒரு புத்திசாலி.

மத்தியானம் செல்வியை என் மேஜைக்குக் கூப்பிட்டேன். எழுதி வைத்திருந்ததைத் தமிழில் படித்துக் காட்டினேன். ‘அறியாமையினால் அனுமதியின்றி நான் சிலையை வைத்துவிட்டேன். இனி இவ்வாறு நடக்காது. ஏழைப் பெண்ணான என்னை மன்னிக்க வேண்டும்.’

“நான் வச்சேன்னா எழுதிருக்கீங்க?”

“யாராவது ஒருத்தர் பேர் வேணும் செல்வி. என் பேர் போனா சார்ஜ் ஷீட் வரும். உனக்கு அதெல்லாம் கிடையாது. ரூல்லயே இல்ல. ஃபைலை நாளைக்கே மூடிடுவாங்க.”

“லிஸ்ட்ல பேர் இருக்கேக்கா. அதுக்கு ஒண்ணும் ஆகாதே?”

“அரே, டென்ஷன் மத் லோ, கவலப்படாத. அது வேற ஃபைல், இது வேற ஃபைல்.”

காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்த்தாள். இந்தி அவளுக்குப் பேச வரும், படிக்க வராது.

“மாதா விஷயத்துல பொய் சொல்லலாமாக்கா?”

“யார் வெச்சதுன்னு மாதாவுக்குத் தெரியாதா? அவங்க கோவிச்சுக்க மாட்டாங்க” என்றேன். பதில் எவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்தது என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“நீங்க சொன்னா சரிக்கா” என்று தமிழில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, எனக்கு டீ வேண்டுமா என்று கேட்டாள்.

மறுநாள் மாடத்தை உடைத்தார்கள். சிலையை ஒரு சாக்கில் சுற்றி ஸ்டோரில் வைத்தார்கள். சர்ச்சிலிருந்து வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியும் ஒருவரும் வரவில்லை. வந்தால் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், போட்டால் நாளை என்ன கேள்வி வருமோ என்ற பயம். செல்வி உடைந்த டைல்ஸை அள்ளிக் கொட்டினாள். அந்த வேலையும் அவளுடையதுதான்.

ஃபைல் மூடிவிட்டது என்று நான் நம்பினேன். ஒரு மாதத்துக்குள் மற்றதெல்லாம் திரும்பி வர ஆரம்பித்தது. பிஸ்வாஸின் அறையில் காளி வந்தாள், இந்தத் தடவை கீழே பன்னிரண்டு மாதமும் அச்சடித்த தாளோடு. “கேலண்டர் ஹை தீதீ” என்று சிரித்தார். கேஷ் ரூமில் லட்சுமி வந்தாள், ஒரு பேங்க் கொடுத்த டைரி அட்டையில். விஸ்வகர்மா பூஜை நாளான செப்டம்பர் பதினேழாம் தேதி ஒர்க்‌ஷாப்பில் பந்தல் போட்டார்கள். இராமகிருஷ்ணன் போய் என்ன இது என்று கேட்டார். ‘மிஷின் பராமரிப்பு நாள் சார்’ என்றார்கள். பழம், தேங்காய், பூசாரி எல்லாம் இருந்தது. அவர் அறைக்கு வந்து சட்டம் பேசி ஒரு நோட்டீஸ் டைப் பண்ணச் சொன்னார். நான் டைப் பண்ணி முடிப்பதற்குள் மேலிருந்து போன் வந்தது. ரொம்ப நேரம் ‘சார், சார்’ என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டு, “அதைக் கிழிச்சுடுங்க மேடம்” என்றார். அவருடைய மேஜையில் மட்டும் பிள்ளையார் திரும்பி வரவில்லை. அந்த ஆபீசிலேயே சட்டத்தைக் கடைசி வரை மதித்த இரண்டு பேர் அவரும் செல்வியும்தான்.

அக்டோபரில் பர்மனென்ட் லிஸ்ட் வந்தது. ஆறு பேர்.

மூன்று தடவை படித்தேன். நாலாவது இடத்தில் ஐந்தாவது பெயர் இருந்தது. காகிதத்தை எடுத்துக்கொண்டு இராமகிருஷ்ணன் அறைக்கு ஓடினேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது.

“ஒவ்வொருத்தர் மேலயும் ஏதாவது புகார் பதிவாகியிருக்கான்னு மேல கேட்டாங்க. அந்தம்மா ஒத்துக்கிட்ட லெட்டர் ஃபைல்ல இருக்கு. இல்லன்னு நான் எப்படி எழுதறது? இருக்கு, ஆனா சின்ன விஷயம்னு எழுதினேன். அவங்க முதல் வார்த்தையை மட்டும் படிச்சிருக்காங்க.”

நேர்மையான ஆளாக இருந்ததுதான் வினையாகப் போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பான். ஆணி அடித்தவர்கள் யாரும் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் அவர்கள் மேல் ஒரு வரிகூட இல்லை. இந்தச் சாமி விஷயத்தில் மொத்த ஆபீசிலும் மன்னிப்புக் கேட்டவள் ஒருத்திதான். அவள் பெயரில் மட்டும்தான் ஃபைல் இருந்தது.

லிஸ்டை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொல்லி என்னிடம்தான் கொடுத்தார்கள். ஒட்டிவிட்டுத் திரும்பினால் அவள் பின்னால் நிற்கிறாள். பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் போனாள். உள்ளே தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவுக்கு வெளியே நின்றுவிட்டு, தட்டத் தைரியமில்லாமல் என் நாற்காலிக்கு வந்துவிட்டேன்.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. குமரனிடம் சொன்னேன். “நீ வெச்சதுக்கு அந்தப் பொண்ணு ஏன் சாகணும்? போய்ச் சொல்லு. பென்ஷன் வரலேன்னா நான் பாத்துக்கறேன்” என்றார். அவருக்காக வாங்கிய சிலை அது. அவர் சொன்ன பிறகுதான் எனக்கு முதுகு நிமிர்ந்தது.

மறுநாள் இராமகிருஷ்ணன் முன்னால் போய் நின்றேன். உட்காரச் சொன்னார், உட்காரவில்லை.

“சார், அந்த மாதாவை வெச்சது செல்வி இல்ல. நான்.”

அவருக்கு முதலில் புரியவில்லை. திரும்பச் சொன்னேன். சுனாமி, குமரன், மாமியார், மணல் வாளி மாடம் எல்லாம் சொன்னேன்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“பயம் சார். பென்ஷன்.”

“அப்ப அந்த லெட்டர்?”

“நான் எழுதினது. அவ கையெழுத்து மட்டும்தான் போட்டா.”

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். அவ்வளவு களைத்த முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை.

“இதை எழுத்துல குடுப்பீங்களா?”

“குடுத்தா அவ பேர் லிஸ்ட்ல வருமா?”

“என்னால உறுதி சொல்ல முடியாது மேடம். ஆனா உண்மை ஃபைல்ல இருக்கும்.”

அங்கேயே நின்றுகொண்டே எழுதினேன். சிலையை வைத்தது நான், மன்னிப்புக் கடிதத்தைத் தயாரித்தது நான், ஆரோக்கியசெல்விக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, என் பேச்சை நம்பி அவர் கையெழுத்திட்டார். இங்கிலீஷில், பிழையில்லாமல். கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது நெஞ்சு லேசாக இருந்தது. ஏதோ பெரிய காரியம் செய்துவிட்ட நினைப்பு. அன்று வீட்டில் மீன் குழம்பு வைத்து இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டேன். செல்வியிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவளுக்கு நல்லதைத்தான் செய்கிறேன், அவளை எதற்குக் கேட்பது? நல்ல செய்தி வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்று வாரத்தில் இரண்டு ஆர்டர் வந்தது. இரண்டும் ஒரே கவரில்.

எனக்கு எச்சரிக்கை. நீண்ட கால, அப்பழுக்கற்ற சேவையைக் கருத்தில் கொண்டு மேல் நடவடிக்கை கைவிடப்படுகிறதாம். ஓய்வூதியத்துக்கு இது தடையாகாது என்று தனி வரியே போட்டிருந்தார்கள். இரண்டாவது ஆர்டர் இன்னும் சின்னது. தவறான தகவலை எழுத்து மூலம் அளித்து நிர்வாகத்தைத் திசைதிருப்பிய தினக்கூலிப் பணியாளர் ஆரோக்கியசெல்வியின் சேவை ஒன்றாம் தேதி முதல் தேவையில்லை. நான் ரூல் புத்தகத்தில் பார்த்தது சரிதான். அவளுக்குச் சார்ஜ் ஷீட் கொடுக்க முடியாது, விசாரணை வைக்க முடியாது. இது எதுவும் இல்லாமலே அனுப்பிவிட முடியும் என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

இராமகிருஷ்ணன் அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். “நான் இதை எதிர்பார்க்கல மேடம். எதிர்த்து எழுதறேன்” என்றார். எழுதினார். நான்தான் டைப் அடித்தேன். அதற்குப் பதில் வரவில்லை. பொங்கலுக்கு முன்னால் அவரை மாற்றிவிட்டார்கள்.

ஆர்டர் வந்த அன்று செல்வி வேலைக்கு வரவில்லை. பிரகாசத்தை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தாள். வேறு யாராவது சொல்லித் தெரிய வேண்டாம் என்று சாயங்காலம் நானே ஜங்கிலிகாட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். தகரக் கூரை போட்ட ஒற்றை அறை வீடு. பிரகாசம் கட்டிலில் சாய்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் வலது கையைத் தூக்கிக் கும்பிட்டான். செல்வி பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். நான் போய் ஒத்துக்கொண்டது, எழுதிக் கொடுத்தது, வந்த ஆர்டர். இரண்டு காகிதத்தையும் காட்டினேன். என்னுடையதைக் காட்டியிருக்க வேண்டாம். அப்போது அந்தப் புத்தி இல்லை. சொல்லச் சொல்ல எனக்குத்தான் அழுகை வந்தது. அவள் என் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

“எப்பம்க்கா எழுதிக் குடுத்தீங்க?”

“மூணு வாரம் ஆச்சு.”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே.”

“நல்லது நடக்கும்னு நெனச்சேன் செல்வி. உன் பேரை லிஸ்ட்ல சேப்பாங்கன்னு நெனச்சேன்.”

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தை ஒரு தடவை துடைத்துக்கொண்டாள்.

“நீங்க சும்மா இருந்திருக்கலாம்க்கா. பர்மனென்ட் போனாலும் தினக்கூலியாவது இருந்திருக்கும்.”

கட்டிலில் பிரகாசம் ஏதோ சொல்ல முயன்றான். வாய் கோணிக்கொண்டதே தவிர எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. செல்வி எழுந்து போய் அவன் வாயைத் துடைத்துவிட்டு வந்தாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். வேறு எங்காவது வேலை பார்த்துத் தருகிறேன், பாராடாங் தீவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருக்கிறார், வக்கீலைப் பார்க்கலாம் என்று என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். அந்த நேரத்தில் என் வாய் எழுதிக் கொடுக்கிறேன் என்றுகூடச் சொன்னது. கலெக்டருக்கு ஒரு மனு, நானே எழுதித் தருகிறேன் என்றேன்.

“வேண்டாம்க்கா” என்றாள். “இனி எனக்காக ஒண்ணும் எழுதாதீங்க.”

பிறகு வாசல் பக்கம் பார்த்தாள்.

“ஜாக்குலின் வார நேரம். அம்மாவுக்கு பர்மனென்ட் ஆயிரும்னு கூடப் படிக்கிற பிள்ளைகள்ட்ட எல்லாம் சொல்லி வச்சிருக்கா. லிஸ்ட் வந்ததையே அவகிட்ட நான் இன்னும் சொல்லல. உங்களப் பாத்தா ஏன் வந்தீங்கன்னு கேப்பா. நீங்க கிளம்புங்கக்கா.”